இருங்க என்ற சொல்

அன்புள்ள தங்கச்சிக்கு,

முகாமில் போர்வை கொடுத்தார்களா? மாத்திரையை மறக்காதே.

பருவநிலை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட நாடுகள் சொன்னதைச் செய்தனவா என்று சரிபார்ப்பது எங்கள் குழுவின் வேலை. செய்யாவிட்டால் என்ன பண்ணுவீர்கள் என்று மாப்பிள்ளை ஒருமுறை கேட்டார். மிகுந்த மரியாதையுடன் வருத்தப்படுவோம் என்றேன். “உங்கம்மாகிட்ட நானும் அதேதான் மச்சான்” என்று சிரித்தார்.

கடல் ஏறிய அந்தச் செவ்வாய்க்கிழமை, உங்கள் நாட்டின் அறிக்கைதான் எங்கள் மேசையில் இருந்தது. கரையில் தடுப்புச்சுவர் ‘கட்ட வேண்டும்’ என்று எழுதுவதா, ‘கட்டலாம்’ என்று எழுதுவதா என்று மூன்று மணி நேரம் வாதாடினோம். “சார், ‘வேண்டும்’னா என்னால கையெழுத்துப் போட முடியாது” என்றார் உங்கள் அரசின் பிரதிநிதி. கடைசியில் ‘கட்டலாம்’ என்பதை ஒருமனதாக ஏற்றுக் கைதட்டினோம்.

மாப்பிள்ளை ஏன் உன் பின்னாலேயே கிளம்பி வரவில்லை என்று நீ போனில் அழுதாய். நான் பேச்சை மாற்றினேன்.

அந்த வாதத்தின் நடுவே அவர் எனக்குப் போன் செய்திருந்தார். “மச்சான், தண்ணி வாசலுக்கு வந்துடுச்சு. இவளை அனுப்பிட்டேன். நானும் கிளம்பட்டுமா?”

“இருங்க” என்றேன். ஒரு நிமிடம் பொறுங்கள், வெளியே வந்து பேசுகிறேன் என்ற அர்த்தத்தில் சொன்னேன். பிறகு கூப்பிட மறந்துவிட்டேன்.

நேற்று உன் பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசினேன். படகில் ஏறச் சொல்லி அவர் கெஞ்சினாராம். மாப்பிள்ளை கடைசியாகச் சொன்ன பதில் இது: “மச்சான் இருக்கச் சொல்லிட்டாரு. அவருக்குத் தெரியாததா?”

உன் அண்ணன்