நீல இல்லத்தின் கூச்சல்

ஜூன், சனி இரவு. விபோர்க், டென்மார்க்.

டென்மார்க்–சுவீடன் ரக்பி லீக் ஆட்டத்துக்குச் சனம் வராவிட்டால் இனி இங்கே சர்வதேச ஆட்டமே இல்லை என்று உள்ளூர் ரக்பிக் கழகத் தலைவர் யென்ஸ் சொல்லியிருந்தார். அதனால்தான் எங்கள் தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளைச் சிவப்பு, நீலம் என்று இல்லங்களாகப் பிரித்து நடத்தும் விளையாட்டுப் போட்டியை இன்று காலை அதே மைதானத்தில் வைக்கச் சொன்னேன். பின்னேரம் ரக்பி ஆட்டம் தொடங்கும்வரை ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. அரங்கு நிறைந்துவிட்டது.

ஒன்றை மட்டும் நான் யோசிக்கவில்லை. டென்மார்க்கின் சட்டை சிவப்பு, சுவீடனுடையது நீலம். காலையில் தோற்ற நீல இல்லத்துப் பெற்றார் எல்லோரும் சுவீடனுக்குக் கத்தினார்கள்.

"அண்ணை, நாங்கள் டென்மார்க் எல்லோ?" என்று நீல இல்லத்துத் தவம் அண்ணையிடம் கேட்டேன்.

"உங்கட சிவப்பு காலமை அஞ்சலோட்டத்திலை அளாப்பிக் கள்ளமாய் வெண்டது. பேசாமல் இரும் பிள்ளை!"

சிவப்பு இல்லம் விடுமா? டென்மார்க்குக்கு அதைவிட உரக்கக் கத்தியது. ரக்பி விதிகள் ஒருவருக்கும் தெரியாது.

யென்ஸ் என்னை நோக்கி வந்தபோது வெட்கமாக இருந்தது. நன்றிகெட்ட சனம் என்று நினைத்திருப்பாரோ? மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"இப்படி ஒரு சத்தத்தை நான் இங்கே கேட்டதேயில்லை. அடுத்த ஆட்டமும் விபோர்க்கில்தான்!"

டென்மார்க் தோற்றுப்போனது இதை எழுதும்போதுதான் நினைவுக்கு வருகிறது.