வட்டமாகப் போட்ட நாற்காலிகள்

பிப்ரவரி 17

உருளைக்கிழங்கை அடுப்பில் வைத்துவிட்டு மறந்து போனேன். இந்த மாதம் தீய்ந்த மூன்றாவது பாத்திரம். ரூட் போய் ஜன்னலைத் திறந்துவிட்டான். புருஷன்காரன் திட்டினாலாவது நானும் திருப்பித் திட்டலாம்.

சாப்பிடும்போது ஃபென்னா தட்டைப் பார்த்தபடியே சொன்னாள்: "அம்மா, இந்த வருஷம் என் பிறந்தநாளை வில்மா அத்தை வீட்டுல வச்சுக்கறேனே." மகளுக்குப் பதினெட்டு ஆகப்போகிறது. இதுவரை எல்லாப் பிறந்தநாளும் இந்தக் கூடத்தில்தான். ஏன் என்று நான் கேட்கவில்லை.

பிப்ரவரி 18

ஏன் என்று தெரியும். எழுதி வைக்கிறேன், இல்லாவிட்டால் அதையும் மறந்து தொலைப்பேன்.

போன வருடமும் வழக்கம்போல நாற்காலிகளை வட்டமாகப் போட்டோம். பன்னிரண்டு பேர், மடியில் கேக் தட்டு, எல்லோரும் ஒரே சமயத்தில் பேச்சு. ஒவ்வொரு கரண்டிச் சத்தமும் மண்டைக்குள் ஆணி அடித்தது. "வாயை மூடுங்க எல்லாரும்!" என்று கத்தினேன். காப்பிக் கோப்பையைச் சுவரில் எறிந்தேன். ஃபென்னாவின் தோழிகள் கோட்டைக் கையில் பிடித்துக்கொண்டே ஓடினார்கள்.

ஈர இலையில் சைக்கிள் வழுக்கி நான் விழுந்து, தலையில் அடிபட்டு இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது. தழும்பு முடிக்குள் மறைந்துவிட்டது. "பாக்க நல்லாத்தானே இருக்க மார்லேன்!" என்கிறார்கள் தெருவில். நல்லா இருக்கேனாம்! ரொட்டிக் கடையில் வேலைக்கு நின்ற காலத்தில் இருநூறு பேரில் யாருக்கு எந்த ரொட்டி என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். இப்போது என் சாவி எங்கே?

அவள் பிறந்தநாள் இங்கேதான் நடக்க வேண்டும். எனக்கு அது ஒன்று போதும்.

பிப்ரவரி 20

அடிபட்ட மண்டைக்குப் பயிற்சி கொடுக்கும் சாஸ்கியா வந்தாள். சமையலறை மணிக் கடிகாரத்தை வைத்துக்கொண்டு இருபது நிமிடம் வேலை, இருபது நிமிடம் படுக்கை. "எது ஞாபகம் வந்தாலும் உடனே செஞ்சிடுங்க. அப்புறம்னு தள்ளாதீங்க." சரிங்க டீச்சர் என்றேன். சிரித்துவிட்டாள்.

பிப்ரவரி 26

ஐயோ. ஐயோ. எழுதவே கை வரவில்லை.

காலையில் கழிப்பறையில் உட்கார்ந்திருந்தேன். எதிரே சுவரில், எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும்போல, வருடம் மாறினாலும் மாற்றாத பிறந்தநாள் காலண்டர். இருபத்தாறு – யோஸ்ட். வில்மாவின் புருஷன். உடனே செய் என்றாளே! கையைக் கழுவினேனோ இல்லையோ, போனை எடுத்தேன். பிறந்தநாள்காரருக்கு மட்டுமா, வீட்டில் எல்லோருக்கும்தானே வாழ்த்துச் சொல்வோம்.

"வாழ்த்துகள் வில்மா! யோஸ்ட் எழுந்தாச்சா? இந்த வருஷமும் ஆப்பிள் கேக்குல பாதியை அவரே முழுங்கிடப் போறார், பாத்துக்கோ!"

"மார்லேன்... யோஸ்ட் செத்துட்டார்." வைத்துவிட்டாள்.

திரும்பப் போய்ப் பார்த்தேன். பெயருக்குப் பக்கத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு சிலுவை. செத்தவர்கள் பெயரை நாங்கள் அடிப்பதில்லை, சிலுவை போட்டு அப்படியே விட்டுவிடுவோம். அந்தச் சிலுவையைப் போட்டதே நான்தானாம். நான் விழுந்ததற்கு அடுத்த வசந்தத்தில் அவர் போய்விட்டாராம். அடக்கத்துக்குப் போய் அழுதேனாம். ரூட் சொல்கிறான்.

என்ன ஜென்மம் நான்? அவரை அவளுக்கு மறுபடியும் சாகடிச்சுட்டேனே.

பிப்ரவரி 27

படுக்கை.

மார்ச் 1

சமையலறையில் அப்பாவும் மகளும் குசுகுசு. "இனிமே அத்தை மூஞ்சில எப்படிப்பா முழிக்கறது?" என்றாள் ஃபென்னா. "நீ அங்கயே கொண்டாடும்மா. அன்னைக்கு அம்மாவை நான் கடற்கரைக்குக் கூட்டிட்டுப் போயிடறேன்" என்றான் ரூட்.

கதவைத் தள்ளினேன். "மண்டைதான் போச்சு, காது நல்லாத்தான் கேக்குது!" என்று கத்தினேன். அப்புறம் அழுதேன். ரூட்டும் அழுதான். அவன் அழுது நான் பார்த்ததே இல்லை – பார்த்து மறந்தேனோ என்னவோ.

மார்ச் 4

வில்மா வந்தாள். முன்கூட்டிப் போன் பண்ணாமல்! எங்கள் பக்கம் யாராவது அப்படி வருவார்களா? கையில் ஆப்பிள் கேக். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

"பேசாம உக்காரு. முதல்ல உன் கடிகாரத்தை வை."

வைத்தேன்.

"அன்னைக்கு உம்மேல அப்படி ஒரு கோவம். அப்புறம் சாயங்காலம் வரைக்கும் போனையே பாத்துட்டு உக்காந்திருந்தேன். ஒருத்தர்கூடக் கூப்பிடல. உன் புருஷன், என் கூடப்பிறந்தவன், அவனும் கூப்பிடல. என் மனசு நோகும்னு ரெண்டு வருஷமா யாரும் அவர் பேரையே எடுக்கறதில்ல. நீ ஒருத்திதான் அவர் கேக் முழுங்கறதைப் பத்திப் பேசின." மூக்கைச் சிந்தினாள். "பாதி இல்லடி, முக்கால்வாசி முழுங்குவார்."

சிரித்தோம். அழுதுகொண்டே சிரித்தோம். மணி அடித்தது. "போ, போய்ப் படு" என்றாள். இருபது நிமிடம் கழித்து எழுந்து வந்தால் அவள் போகவில்லை. ஃபென்னாவோடு என்னவோ பேசிக்கொண்டிருந்தாள்.

மார்ச் 14

பிறந்தநாள் இங்கேதான்! இங்கேயேதான்!

வட்டம் இல்லை. ஐந்தே நாற்காலி, எங்களுக்கு மூன்று, விருந்தாளிக்கு இரண்டு. இரண்டிரண்டு பேராக, இருபது நிமிடம். நடுவில் எனக்குப் படுக்கை. ஃபென்னாவும் வில்மாவும் போட்ட திட்டம். "பல் டாக்டரைப் பாக்க வந்த மாதிரி இருக்கே" என்று பக்கத்து வீட்டு ஹென்க் முனகினார். "ரொட்டிக் கடையில மாதிரி நம்பர் எடுத்துட்டு வந்தீங்களா, இல்லையா?" என்றாள் என் மகள். நான்தான் அதிகம் சிரித்தேன்.

மூன்று சுற்று உட்கார்ந்தேன். நான்காவதில் கரண்டிச் சத்தம் மறுபடி ஆரம்பித்தது. கத்துவதற்கு முன்பே நானாக எழுந்து மாடிக்குப் போய்ப் படுத்தேன். கீழே பேச்சும் சிரிப்பும் நிற்கவில்லை. யாரும் யாரையும் அடக்கவில்லை. கதவைத் திறந்தே வைத்திருந்தேன்.

மார்ச் 15

காலையில் கழிப்பறையில் சும்மா பிப்ரவரி தாளைப் புரட்டிப் பார்த்தேன். யோஸ்ட். பக்கத்தில் என் சிலுவை. அதற்குக் கீழே வில்மாவின் கோணல் எழுத்தில், பேனாவால்: "மார்லேன் போன் பண்ணணும்."