வலது கை மேலே

படகுச் சங்கத்தார் நம் வள்ளத்தில் கை வைத்துவிட்டார்கள். என்னிடம் ஒரு சொல் கேட்கவில்லை. வலது பக்கத் துடுப்புக் கவ்வியை உயர்த்த நீ போட்டிருந்த இரண்டு வெள்ளை வளையங்களையும் கழற்றி, இடது பக்கத்துக்கு மாற்றிவிட்டார்கள். இன்று காலை, கரையில் கட்டிய கயிற்றை அவிழ்க்காமலே உட்கார்ந்து முதல் இழுப்பு இழுத்தேன். வலது கை நகம் இடது புறங்கையைக் கிழித்தது. இரத்தத்தைக் கண்ட பிறகுதான் குனிந்து கவ்வியைப் பார்த்தேன். அந்தக் கையில் பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டுதான் உனக்கு எழுதுகிறேன்.

நாம் இருவரும் ஊரில் கடலைத் தூரத்தில் பார்த்தவர்கள். நீ அரசாங்கக் கச்சேரியில் கணக்கு எழுதினாய்; நான் பஸ்ஸில் டிக்கெட் கிழித்தேன். இங்குள்ள வெள்ளைக்காரருக்கு அது விளங்காது. தீவிலிருந்து வந்தவன் என்றால் தோணியில் பிறந்தவன் என்று நினைப்பார்கள். பாண் சுடும் தொழிற்சாலையில் காலை வேலை முடிந்து வரும்போது கால்வாய்ப் பாலத்தில் நின்று பார்த்துத்தான் நாம் பழகினோம். துடுப்பு வலிப்பவர் பின்பக்கம் பார்த்தல்லவா உட்காருவார்? பாலத்தைக் கடந்து போகிறவர்களின் முகம் நம்மைப் பார்த்தபடியே சிறிதாகிக்கொண்டு போகும். கண்ணாடியைப் பார்த்துப் பழகுவதுபோல அவர்களைப் பார்த்து, என் வீட்டு நிலவறைக் கெல்லரில் கூட்டுகிற இரண்டு தும்புத்தடிகளை வைத்து அசைத்தோம். இரண்டு பிடிகளும் நடுவில் சந்திக்கும்போது அவர்களுக்கு இடது கை மேலே வரும். நமக்கு வலது கை மேலே வந்தது. சங்கத்தில் சேர்ந்து ஒருவரும் தொடாத அந்தப் பழைய இருவர் வள்ளத்தை நமக்கேற்றபடி பூட்டி ஓடிய பிறகுதான் ஒருவர் அதைக் கண்டுபிடித்துச் சிரித்தார். நீயும் சேர்ந்து சிரித்தாய். நான் சிரிக்கவில்லை.

இருபது வருடச் சனிக்கிழமைகளில் நான் பார்த்தது உன் முதுகைத்தான். உன் பிடரியில் இருந்த மச்சம் உன் முகத்தைவிட எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பயிற்சி ஒழுங்கும் உன்னுடையது. முதலில் கை மட்டும். பிறகு முதுகு. அதன் பிறகே கால். அது முடிய, துடுப்பின் இலையைத் தட்டையாகத் திருப்பாமல், நிமிர்ந்தபடியே வைத்து வலிக்க வேண்டும். கை போதுமான அளவு தாழாவிட்டால் இலை தண்ணீரில் அடிபட்டு வள்ளம் சாயும். அடித்தது நான்தான் என்று திரும்பாமலே உனக்குத் தெரியும்.

"அடிக்காதை மச்சான். அங்காலை ஊன்ட்றொப் கோயில் அம்மன் தீர்த்தமாடுறதும் இந்தத் தண்ணியிலைதான். தொட்டுக் கும்பிடுற மாதிரித் தொடு."

"எண்ணுறது நீ. பிழையும் உன்ரைதான்."

கடைசியாக நிறுத்தும் பயிற்சி. கைகள் முழங்காலைத் தாண்டியதும் அப்படியே நிற்க வேண்டும். "ஒண்டு, ரெண்டு, பொறு," என்பாய். ஒருவரும் வலிக்காமலே வள்ளம் ஓடும். இலைகளிலிருந்து தண்ணீர் சொட்டுவது மட்டும் கேட்கும்.

ஐந்து வருடத்துக்கு முன் புதிய பயிற்சியாளர் வந்து, ஒரு மாதம் பழகினால் கையை மாற்றிவிடலாம் என்றார். நீ தலையாட்டினாய்.

"மாத்துவம் மச்சான். கொஞ்ச நாள் கை உரசும். பிறகு சரி வரும்."

"ஏலாது. இவ்வளவு காலம் ஓடின வள்ளத்தைப் பிழையெண்டு சொல்ல அவன் ஆர்?"

"வள்ளம் பிழையில்லையடா. நாளைக்கு எங்களிலை ஒருத்தன் இல்லாட்டி மற்றவன் ஆரோடை ஏறுறது?"

"நீ இப்ப போகமாட்டாய்."

"சாவுக்கு என்ன, டொக்டரிட்டைப் போற மாதிரி டெர்மின் எடுத்தே போறது?"

இந்த மாசியில் போய்விட்டாய்.

அதன் பிறகு இரண்டு பேரோடு என்னை ஏற்றிப் பார்த்தார்கள். என் கை ஒரு விதம், அவர்கள் கை ஒரு விதம்; வள்ளம் நேரே நிற்கவில்லை. எழுபது தாண்டியவன் தனியே போகக்கூடாது என்று விதி. ஆகவே சனிக்கிழமைகளில் கரையில் கட்டியபடி ஏறியிருந்து, உன் ஒழுங்கில் பயிற்சி செய்துவிட்டு வீட்டுக்குப் போவேன். முன்னால் காலி இருக்கை. அதன் கால்பலகையில் திருகியிருக்கும் உன் சப்பாத்துகள். இன்று பயிற்சியாளரிடம் ஏன் மாற்றினீர்கள் என்று கேட்டேன். யாரும் பாவிக்காத வள்ளத்தை எல்லோருக்கும் உதவும்படி ஆக்கினோம் என்றார். அப்படியானால் நான் யார்?

செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். பயிற்சியாளர் வரும் சனிக்கிழமைக்கு முன் இரண்டு வளையங்களையும் வலது பக்கத்தில் திரும்பப் போட வேண்டும். தன் கையாலேயே போட வேண்டும். என்னைக் கேளாமல் இந்த வள்ளத்தைத் தொடக்கூடாது என்று சங்கத் தலைவர் எழுதி ஒட்ட வேண்டும். உன் மகள், சப்பாத்துகளைக் கழற்றிக்கொண்டு போகட்டுமா என்று என்னை இன்னொரு தடவை கேட்கக்கூடாது. அவை அங்கேயே இருக்கும். நான் இன்று பின்னேரம் கெல்லருக்குப் போய், அந்த இரண்டு தும்புத்தடிகளையும் எடுத்து, இடது கையை மேலே வைத்துப் பழக வேண்டும். ஒரு மாதம். பயிற்சியாளர் சொன்னதற்காக அல்ல. அவருக்கு இது தெரியவும் வேண்டாம். நீ ஒருமுறை கேட்டாய், நான் ஏலாது என்றேன், அதற்காக. முதலில் கை, பிறகு முதுகு, பிறகு கால். எண்ணுவது மட்டும் உன் வேலை. அது எனக்கு இன்னும் வேறு குரலில் வரவில்லை: ஒண்டு, ரெண்டு, பொறு.