உங்கள் பேரை வாய்விட்டுச் சொன்னேன்

என் பிரியமான மாமாவுக்கு,

நேற்று மோகனூர் வீட்டில் யார் யார் இருந்தார்கள் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நம் ஒரே மகள் சரசு, மருமகன் தங்கவேல், பேத்தி நித்யா, அவள் புருஷன் கதிர், அப்புறம் உங்கள் தம்பி. அவர் பேரைக் கடைசியில் சொல்கிறேன். தொட்டிலில் நித்யாவின் மகன், நம் கொள்ளுப்பேரன். அவனுக்குப் பேர் வைத்தோம்.

என்ன பேர் தெரியுமா? உங்கள் பேர்.

பேரைச் சுமக்கிறவன்தான் பேரன் என்பீர்கள். மகன் இல்லாத வீட்டில் யார் சுமப்பார்கள் என்று ஊர் கேட்டது. நீங்களோ நித்யாவை வண்டியில் முன்னால் உட்காரவைத்துக்கொண்டு சர்க்கரை ஆலை வரைக்கும் போய், கண்டவர்களிடமெல்லாம் "எம் பேத்திங்க" என்றீர்கள். டீக்கடையிலும் பேத்தி, உரக்கடையிலும் பேத்தி. வேறு வார்த்தையே தெரியாதா என்று நான்கூடச் சலித்துக்கொண்டேன்.

நீங்கள் போன அன்று, பேரன் பேத்திகள் நெய்ப்பந்தம் பிடிக்கிற நேரத்தில், அப்போது சின்னப் பிள்ளையாக இருந்த நித்யா அழுதுகொண்டே பந்தத்தோடு வந்து நின்றாள். உங்கள் தம்பி அதைப் பிடுங்கித் தன் மகனுடைய பையனிடம் கொடுத்தார்.

"மக பெத்தது அடுத்த ஊட்டுப் புள்ளைங்க. அதை எப்புடிப் பேத்தின்னு சொல்றது?" என்றார்.

பக்கத்தில்தானே படுத்திருந்தீர்கள். உங்களுக்குக் கேட்டதா?

நித்யாவுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது. நேற்று பிள்ளையை என் மடியில் போட்டு, "அம்மாயி, காதுல நீங்கதான் சொல்லோணும்" என்றாள். புருஷன் பேரை நான் எப்படிச் சொல்வேன்? ரேஷன் கடையில்கூட சரசுவை விட்டுத்தானே சொல்லவைப்பேன்.

"அப்பறம் இவனை எப்புடிக் கூப்புடுவே, கைதட்டியா?" என்று சரசு சிரித்தாள்.

குனிந்தேன். செங்கோடா என்றேன். மூன்று முறை சொன்னேன். பிள்ளை கண்ணைத் திறந்து என்னையே பார்த்தான் மாமா.

பந்தியில் உங்கள் தம்பி பக்கத்து இலைக்காரரிடம், "எங்கண்ணன் பேரை வெச்சிருக்கறோமுங்க. எங்க பேத்தி பையன்" என்றார். எங்க பேத்தியாம். இத்தனை வருஷம் கழித்து அந்த வாயில் அந்த வார்த்தை வந்தது. அவர் இலையில் பாயசம் ஊற்றினேன். விருந்தாளிக்கு ஊற்றினேன், அவ்வளவுதான்.

இனி தினமும் தெருவுக்கே கேட்கிற மாதிரி உங்கள் பேரைச் சொல்லிக் கூப்பிடுவேன். நித்யா அவரை மன்னித்துவிட்டாளாம். அவள் மனசு அப்படி. நான் மன்னிக்க மாட்டேன், இதுவும் சத்தியம்.

இப்படிக்கு,
செங்கோடனின் பெண்டாட்டி, செங்கோடனின் கொள்ளுப்பாட்டி, என்றைக்கும் மன்னிக்காத அண்ணி. அந்த ஆள் உங்கள் தம்பி பொன்னுசாமி.