மூன்று நாள் மலைத் திட்டம்

நோர்வே
12.06.1998

அன்பின் பத்மாவுக்கு,

நான் சுகம். நீரும் அம்மாவும் காய்ச்சல், இருமல் ஒன்றும் இல்லாமல் இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். பங்குனியில் நீர் போட்ட கடிதம் போன கிழமைதான் வந்து சேர்ந்தது. கொட்டிலின் தறப்பாள் கூரைக்கு மேல் கிடுகு போட்ட பிறகு வெக்கை குறைவு என்று எழுதியிருந்தீர். வாசித்ததும் ஆறுதலாக இருந்தது.

இங்கே ஒரு புதினம். மீன் தொழிற்சாலையில் என்னோடு வேலை செய்யும் அர்னே ஒரு திட்டம் போட்டிருக்கிறான். ஓகஸ்ட் 20ஆம் திகதி மலைக்குப் போகிறோம். மூன்று நாள். நாலு பேர்தான், அதற்கு மேல் சேர்க்கமாட்டானாம். வழி தெரிந்தவன் அவன், முன்னால் போவான்.

முதல் நாள் பஸ் முடியும் இடத்தில் இறங்கி ஆற்றோரமாகப் பதினொரு கிலோமீற்றர் நடந்து ஒரு குளத்தடியில் படுக்கை. இரண்டாம் நாள் இரண்டு மலைக்கு நடுவால் ஏறி, பின்னேரம் சுவீடன் எல்லையைத் தாண்டுவோம். காவல் ஒன்றும் இல்லை. மஞ்சள் பெயின்ற் அடித்த கற்குவியல் ஒன்றுதான் நிற்குமாம். அந்தப் பக்கம் ஒரு இரவு. மூன்றாம் நாள் வேறு வழியால் இறங்கி ரயில் பிடிக்க வேண்டும். பாரம் குறைய வேண்டும் என்று சாப்பாடு எல்லாம் காய்ந்த சாமான். நெருப்பு மூட்டக் கூடாது.

வேலை முடிந்து வந்தால் வரைபடத்தை விரித்துவைத்துக்கொண்டு குந்திவிடுகிறேன். இருபது மீற்றர் உயரத்துக்கு ஒரு கோடு. கோடுகள் நெருக்கமாக வந்தால் செங்குத்து. எங்கள் ஊர் பரந்தனை இப்படிக் கீறினால் ஒரு கோடும் விழாது, வெறும் வெள்ளைத் தாள்தான்!

அம்மாவுக்குச் சொல்ல வேண்டாம். வீணாகப் பயப்படுவா.

உம்முடைய
கிருபன்


மல்லாவி
11.08.1998

என் அன்பான அத்தானுக்கு,

உங்கள் கடிதம் இன்று பகல்தான் கிடைத்தது. தபால் கந்தோர் வாசலில் நின்றே வாசித்தேன். இதை இன்றைக்கே போடுகிறேன், ஆனால் 20ஆம் திகதிக்கு முன் உங்களிடம் வராது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் எழுதாமல் இருக்க முடியவில்லை. போக வேண்டாம் அத்தான்.

நான் ஒன்றும் தெரியாத பிள்ளை இல்லை. மலை பார்க்கப் போவதாகச் சோடித்து எழுதினால் நம்பிவிடுவேன் என்று நினைத்தீர்களா? பக்கத்துக் கொட்டிலில் இருக்கும் விமலேஸ்வரி அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்தார். "உதென்ன உல்லாசப் பயணமே? நாலு பேராம், நெருப்பு மூட்டக்கூடாதாம், காவல் இல்லாத இடத்தாலை எல்லை தாண்டுறதாம். என்ரை தம்பியைக் களவாய்க் கொண்டுபோன ஏஜென்சிக்காரரும் உப்பிடித்தான் சொன்னவங்கள். பனிக்குள்ளை நடந்து ரெண்டு கால்விரல் போனது" என்றார்.

அர்னே என்பவன் ஏஜென்சிக்காரன்தானே? உங்கள் அகதிக் கேஸைத் தள்ளிவிட்டார்களா? பிடித்து அனுப்பப்போகிறார்கள் என்றுதானே சுவீடனுக்கு ஓடுகிறீர்கள்? எனக்கு ஒளிக்க வேண்டாம். ஐந்து வருடமாக "கேஸ் முடியவில்லை, முடிந்ததும் கூப்பிடுகிறேன்" என்று எழுதுகிறீர்கள். நான் ஒரு நாளும் அவசரப்படுத்தவில்லை. அங்கே எல்லாம் பிழையாகிப் போய்விட்டால் பேசாமல் இங்கே வாருங்கள். இந்தத் தறப்பாளுக்குள் இன்னொருவருக்கு இடமில்லாமல் போகாது.

மாமிக்கு ஒன்றும் சொல்லவில்லை. வற்றாப்பளை அம்மனுக்கு நேர்ந்திருக்கிறேன் என்று மட்டும் சொன்னேன். ஏன், எதற்கு என்று அவரும் கேட்கவில்லை, தானும் நேர்ந்துவிட்டார்.

பதிலுக்குக் காத்திருக்கும்
உங்கள் பத்மா


நோர்வே
30.10.1998

அன்பின் பத்மாவுக்கு,

உம்முடைய கடிதத்தை வாசித்துவிட்டு முதலில் சிரித்தேன். பிறகு வெட்கமாகப் போய்விட்டது. நீர் இப்படி விளங்கிக்கொள்வீர் என்று நான் நினைக்கவே இல்லை.

கேளும். ஒருவரும் என்னைத் துரத்தவில்லை. அர்னே ஏஜென்சிக்காரன் இல்லை, மீன் வெட்டுகிறவன். இங்கே சனம் சும்மா மலைக்குப் போகிறது. வீடு இருக்கிறது, வீட்டுக்குள் சூடு இருக்கிறது. அதையெல்லாம் பூட்டிவிட்டு முதுகில் பதினெட்டு கிலோவைக் கட்டிக்கொண்டு போய்ச் சேற்றுக்குள் கூடாரம் அடித்துப் படுக்கிறார்கள். திரும்பி வந்து, நல்லாயிருந்தது என்கிறார்கள். நெருப்பு மூட்டக் கூடாது என்பது கோடையில் காடு எரியாமல் இருக்க. நாலு பேர் என்பது இரண்டு கூடாரம் இருந்ததால்.

நாங்கள் போய்த் திரும்பியும் வந்துவிட்டோம். சுவீடன் பக்கம் ஒரு இரவு படுத்தோம். முழங்காலில் நோ, வேறொன்றும் இல்லை. உச்சியில் நின்றபோது ஒரு சத்தமும் இல்லை பத்மா. காற்றுக்கூட இல்லை. நீர் பக்கத்தில் நிற்க வேண்டும்போல் இருந்தது.

அடுத்த வருடம் ஐந்து நாள் நடை ஒன்றுக்குத் திட்டம் போடத் தொடங்கிவிட்டேன். ஓர் ஆற்றைக் கடக்க வேண்டும், பாலம் எந்த மாதம் போடுவார்கள் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

உம்முடைய
கிருபன்


மல்லாவி
14.12.1998

அன்பான அத்தானுக்கு,

உயிரோடு இருக்கிறீர்கள். அது போதும் என்று நேற்று முழுவதும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். மாமிக்கும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நீங்கள் வீட்டைப் பூட்டிவிட்டுக் கூடாரத்தில் போய்ப் படுத்த கதையை இரண்டு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டார். பிறகு, "அவனுக்கு ஆர் ஷெல் அடிச்சது?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. விமலேஸ்வரி அக்கா இன்னும் நம்பவில்லை. சம்பளம் இல்லாமல் பதினெட்டுக் கிலோ சுமக்கிற மனிதரை அவர் எங்கேயும் கேள்விப்படவில்லையாம்.

நாங்கள் பரந்தனை விட்டு வெளிக்கிட்டு இரண்டு வருடமும் மூன்று மாதமும். அன்று தொடக்கம் இந்த நீலத் தறப்பாளுக்குள் படுக்கிறோம். ஒரு நாளும் நல்லாயிருந்தது என்று நான் சொன்னதில்லை. அதனால்தான் எனக்கு உங்களை விளங்கவில்லையோ தெரியாது. கோபிக்க வேண்டாம், நான் கேலி செய்யவில்லை. உண்மையாகவே குழம்பிப்போய் இருக்கிறேன்.

இன்று காலை தறப்பாளில் ஒரு கிழிசல் தைத்துக்கொண்டிருந்தபோது வேறொன்று மனதில் பட்டது. அதற்குப் பிறகு ஊசி ஓடவில்லை.

சுவீடனுக்குள் போய்ப் படுத்துவிட்டுத் திரும்பி வந்தோம் என்று எழுதியிருக்கிறீர்கள். ஏஜென்சிக்காரன் கொண்டுபோனால் யாரும் திரும்பி வருவதில்லை. 95இல் டென்மார்க்கில் உங்கள் மச்சான் கலியாணத்துக்கு ஏன் போகவில்லை? கேஸ் முடியாத ஆள் எல்லை தாண்டினால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள் என்று நீங்கள்தானே எழுதினீர்கள்? அந்தக் கடிதம் என்னிடம் இருக்கிறது. இங்கே நான் வவுனியாவுக்குப் போவதென்றாலே இயக்கத்திடம் பாஸ் எடுக்க வேண்டும், திரும்பி வருவேன் என்று ஒருவர் பிணை நிற்க வேண்டும். நீங்கள் கல்லைப் பார்த்துவிட்டு இன்னொரு நாட்டுக்குள் போய் வந்திருக்கிறீர்கள்.

உங்களுக்கு விசா கிடைத்துவிட்டது. எப்போது கிடைத்தது? ஒரு வரி எழுதினால் போதும்.

பத்மா


நோர்வே
20.02.1999

பத்மா,

97 பங்குனியில் கிடைத்தது. நீர் கேட்ட ஒரு வரி அதுதான்.

விசா வந்த அன்றே உமக்கு எழுத என்று குந்தினேன். திகதியைப் போட்டேன், பெயரைப் போட்டேன், அதற்கு மேல் ஓடவில்லை. நாளைக்கு எழுதலாம் என்று விட்டேன். ஒரு மாதம் போனதும், ஏன் இவ்வளவு நாள் சொல்லவில்லை என்று கேட்பீரே என்ற பயம் வந்தது. பிறகு ஒவ்வொரு மாதமும் அந்தப் பயம் கூடிக்கொண்டே போனது.

வேறு பெண் ஒருத்தியும் இல்லை. அப்படி ஒன்று இருந்திருந்தால் சொல்வது லேசாக இருந்திருக்கும். கலியாணம் முடித்து நாங்கள் சேர்ந்து இருந்தது எண்பத்தொரு நாள். இங்கே வந்து ஆறாவது வருடம். காலை ஐந்து மணிக்கு எழும்பி மீன் வெட்டி, வந்து, ஒருவரோடும் ஒரு சொல் கதைக்காமல் படுக்கிற ஆளாகிவிட்டேன். நீர் வந்தால் யாரைப் பார்க்கப் போகிறீர்? நீர் பட்டதெல்லாம் உம்மோடு வரும், அதற்கு என்னால் முகம் கொடுக்க முடியுமா? இதை நினைத்தால் உடனே வரைபடத்தை விரித்துவிடுவேன். எங்கே தண்ணீர், எங்கே படுக்கை, எத்தனை மணி நடை என்று கணக்குப் பார்க்கும்போது வேறு ஒன்றும் நினைவுக்கு வராது. எல்லா மலைக்கும் திட்டம் போட்டேன். உமக்கு மட்டும் போடவில்லை. நான் செய்தது துரோகம், எனக்குத் தெரியும்.

வாரும் பத்மா. படிவங்களை இதோடு வைத்திருக்கிறேன். வவுனியாவில் அம்மாவின் சொந்தக்காரர் பரமலிங்கம் அண்ணையின் கடையில் டெலிபோன் இருக்கிறது. ஏப்ரல் 24, சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அங்கே எடுப்பேன். எப்படியாவது வந்து நில்லும். உம்முடைய வாயால் கேட்க வேண்டும்.

கிருபன்


வவுனியா
25.04.1999

அன்புள்ள கிருபன்,

நேற்று டெலிபோனில் நீங்கள் "வருவீரோ?" என்று கேட்டபோது நான் "ஓம்" என்று சொன்னேன். பக்கத்தில் ஐந்து பேர் தங்கள் அழைப்புக்குக் காத்துக்கொண்டு நின்றார்கள், நீங்கள் அழுதுகொண்டிருந்தீர்கள். அது அவசரத்தில் வாயில் வந்த ஓம். என் பதில் இந்தக் கடிதம்தான்.

மாமி எனக்குப் பிணை நின்றார். பத்து நாளில் திரும்புவேன் என்று நான் எழுதிக்கொடுத்தேன், அவர் கையெழுத்து வைத்தார். "அவன் கூப்பிட்டா அப்பிடியே போ பிள்ளை, என்னைப் பாக்காதை" என்றார். திரும்பாவிட்டால் யாரிடம் பதில் சொல்ல வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னார்.

நேரே புளியங்குளம், ஓமந்தை என்று வந்தால் அரை நாள். அந்த வழியில் சண்டை. நாங்கள் பன்னிரண்டு பேர் காட்டால் சுற்றி, சைக்கிளும் நடையுமாக மூன்று நாள் வந்தோம். இரண்டாம் நாள் விடிய மற்றவர்கள் எழும்பமுதல் நான் குளக்கரைக்கு முகம் கழுவப் போனேன். வாளி இல்லை, வரிசை இல்லை, மாமிக்கு மருந்து கொடுக்கும் நேரம் இல்லை. ஒருவரும் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடவில்லை. காலைத் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டு அரை மணித்தியாலம் இருந்தேன். சந்தோஷமாக இருந்தது. எந்த நேரமும் ஷெல் வரலாம் என்ற இடத்தில் எனக்கு என்ன சந்தோஷம் என்று எனக்கே விளங்கவில்லை.

அந்த அரை மணித்தியாலமும் உங்களை நான் ஒரு தரம்கூட நினைக்கவில்லை. பிறகு நடக்கும்போதுதான் அது தெரிந்தது. மலை உச்சியில் நீங்களும் என்னை நினைத்திருக்கமாட்டீர்கள். நான் பக்கத்தில் நிற்க வேண்டும்போல் இருந்தது என்று கடிதத்துக்காக எழுதினீர்கள். அதற்காக எனக்குக் கோபம் இல்லை. கோபம் வரும் என்று மூன்று நாளும் பார்த்துக்கொண்டு வந்தேன், வரவில்லை. அது எனக்குப் பெரிய துக்கமாக இருக்கிறது.

பத்து மணிக்குச் சரியாக மணி அடித்தது. பரமலிங்கம் அண்ணை எடுத்து, "உங்களுக்குத்தான் தங்கச்சி" என்று தந்தார். நான் "ஹலோ" என்றேன். நீங்கள், "ஆர் கதைக்கிறது?" என்று கேட்டீர்கள். "நான்" என்றேன். "நான் எண்டால் ஆர்?" என்றீர்கள். உங்களைக் குற்றம் சொல்லவில்லை, உங்கள் குரலும் எனக்கு யாரோ ஒருவருடையது போலத்தான் கேட்டது. ஆனால் என் புருஷனுக்கு நான் பத்மாசனி என்று முழுப் பெயரையும் சொல்ல வேண்டியிருந்தது.

நான் வரவில்லை. மாமிக்காக என்று நினைக்க வேண்டாம், அது பாதிதான். செய்த பிழைக்காகக் கூப்பிடுகிற வீட்டுக்கு வந்து இருக்க எனக்கு மனம் வரவில்லை. ஒரு வருடம் கழித்து வேறு மாதிரி நினைப்பேனோ தெரியாது. இப்போது இதுதான் முடிவு. படிவங்களைத் திருப்பி வைத்திருக்கிறேன்.

இனிக் கடிதங்களை மாமியின் பெயருக்கே போடுங்கள். அடிக்கடி போடுங்கள். அவருக்குக் கண் தெளிவில்லை, வாசித்துக் காட்டுவது நான்தான், அதனால் பார்த்து எழுதுங்கள். ஐந்து நாள் மலைக்குப் போனால் அதையும் எழுதுங்கள், அவருக்கு அந்தக் கதை பிடித்திருக்கிறது.

நாளைக்கு வெளிக்கிடுகிறேன். மாமி படலையில் நின்று "என்னவாம் அவன்?" என்று கேட்பார். லைன் கிடைக்கவில்லை என்று சொல்லப் போகிறேன்.

பத்மாசனி