எந்தப் பக்கம் அறுகிறது

மார்ச் 3, செவ்வாய்
இன்றும் மகளின் அழைப்பு பாதியில் அறுந்தது. ஏழாவது நிமிடம். இவர், என் வீட்டுக்காரர், காலமாகி ஐந்து வாரம். லீவு கிடைக்கவில்லை என்று, இவர் படுத்திருந்தபோதும் அவள் வரவில்லை, காரியத்துக்கும் வரவில்லை. கடைசியாக இவர் சொன்னதை அவளிடம் இன்னும் சொல்ல முடியவில்லை. "அன்னைக்கு அப்பா..." என்று ஆரம்பித்தாலே படம் போய்விடுகிறது. பிறகு செய்தி வருகிறது: "உங்க நெட்டு சுத்த மோசம்மா."

மார்ச் 6
இவருடைய கணினியில் ஒரு நிரல் இருக்கிறது. நெட்டில் பேச்சு சின்னச் சின்னப் பொட்டலங்களாகத்தான் போகுமாம். எது எந்தப் பக்கமிருந்து வந்தது என்று நொடிக்கணக்கோடு வரி வரியாகக் காட்டும். என் வீட்டுக்கணக்கு நோட்டு மாதிரி. கோளாறு எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்க மூன்று நாளாகப் பாடம் பார்த்துப் படிக்கிறேன்.

மார்ச் 10, செவ்வாய்
ஒன்பதாவது நிமிடம் அறுந்தது. நிரல் பிடித்துவைத்த வரிகளைத் திறந்தால் ஒன்றுமே இல்லை! மக்கு நான். கணினிக்கு இரண்டு வாசல் — கம்பி ஒன்று, வைஃபை ஒன்று. பட்டியலில் முதலில் இருந்த கம்பியைக் காவல் காத்திருக்கிறேன். அது பிரிண்டருக்குப் போகிறது. பேச்செல்லாம் வைஃபை வழியாகப் போய் வந்திருக்கிறது.

மார்ச் 12
இனி இரண்டு வாசலையும் சேர்த்தே பிடிப்பது. தங்கையைக் கூப்பிட்டுச் சோதனை. பேச்சின் நடுவில் வைஃபை பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினேன் — வந்துகொண்டிருந்த வரிகள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றன. மறுபடி கூப்பிட்டு, "இப்ப நீ கட் பண்ணுடி" என்றேன்.
"கூப்பிட்டு வச்சு கட் பண்ணச் சொல்ற ஒரே ஆளு நீதான்க்கா. ஒழுங்கா சாப்பிடுறியா இல்லையா?"
அவள் கட் செய்ததும் கடைசியாக ஒரு வரி: மூடுகிறேன் என்று, அவள் பக்கத்திலிருந்து.
ஆக, தானாக அறுந்தால் அந்த வரி இருக்காது. ஆள் அறுத்தால் இருக்கும்.

மார்ச் 17, செவ்வாய்
சாமி கும்பிட்டுவிட்டுத்தான் திறந்தேன். வைஃபையில் ஒரு பொட்டலம்கூடத் தவறவில்லை. பதினொன்றாவது நிமிடம், நான் "அப்பா" என்றதற்கு அடுத்த நொடி — மூடுகிறேன்.
அவள் பக்கத்திலிருந்து.
நான்கு தடவை பார்த்தேன். ஐயோ, என் கண்ணு. ஏன் வரலைன்னு கேப்பேன்னு நெனச்சியா? அவர் சொன்னதே அதுதானேம்மா — "வரலைன்னு அவகிட்ட ஒண்ணும் கேக்காத. பயந்த புள்ள." அதைச் சொல்லத்தானே ஏழு வாரமா தவிக்கிறேன்?

மார்ச் 18
எழுதி அனுப்பலாமா? அடித்தேன். அழித்தேன். எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்தால், அப்புறம் செவ்வாய்க்கிழமையும் இருக்காது.

மார்ச் 24, செவ்வாய்
இன்று எதையும் பிடிக்கவில்லை. அவரைப் பற்றி வாயே திறக்கவில்லை. அவளுடைய ஜன்னல் திரை, புது மேலதிகாரியின் தும்மல், என் முழங்கால் — நாற்பத்திரண்டு நிமிடம். சிரிக்கக்கூடச் சிரித்தாள்.
"என்னம்மா, இன்னைக்கு நெட்டு அறுந்து போகவே இல்ல!"
"பெட்டிய மாத்திட்டேன்டி." சாமியிடம் இந்தப் பொய்யை மறைக்கவில்லை.
"சரிம்மா, வச்சிடட்டுமா?" என்று கேட்டாள். இவர் போன பிறகு இப்படிக் கேட்டது இதுதான் முதல் தடவை.
"வைம்மா" என்றேன்.