இருபத்தெட்டுக்கு நாலாவது ஆள்

ஜூன் 9
மழை. காலையில் ஓட்ஸ் கஞ்சி, ராத்திரிக்கும் அதே. குதிரைகூட ஒருநாள் மூஞ்சியைத் திருப்பிக்கொள்ளும். நான் திருப்பினால் பெண்டாட்டி த்ரேசியாம்மா உடனே லண்டனுக்கு போன் போடுகிறாள். அங்கே நர்ஸாக இருக்கும் மகள் ஜின்ஸி, அங்கிருந்தே என்னை ஆள்கிறாள். இன்று பிரஷர் பார்த்துக் காட்டச் சொன்னாள். “சூப்பர், அப்பச்சா! இருபத்தஞ்சு வயசுப் பையன் மாதிரி இருக்கு.”
அந்தப் பையன் எங்கே போய்த் தொலைந்தான் என்றுதான் தெரியவில்லை.

ஜூன் 12
படகுத்துறைப் பக்கம் தலைகாட்டக் கூடாதாம். அங்கே இருபத்தெட்டுச் சீட்டாட்டம் ஆடும்போதுதான் நெஞ்சு வலித்தது. ராஜாவையே வெல்லும் துருப்பு ஜாக்கியை ஓங்கி அறைந்தேன். ஜாக்கி ஜெயித்தது, நான் சாய்ந்தேன். அடைப்பை எடுத்து ஸ்டென்ட் வைத்து அனுப்பினார்கள். படகில் டிக்கெட் கிழித்த காலமெல்லாம் ஊதித் தள்ளிய பீடி நிரபராதி. சீட்டுக்கட்டுதான் கொலைகாரன்!
சீட்டுக் கூட்டாளி ஹம்சா கேட் வரைக்கும் வந்தான். “சேச்சி, வர்க்கிச்சன் இல்லாம துறையே செத்துக் கிடக்கு. மூணு பேரு என்னத்த ஆட?”
“கிடக்கட்டும். எம் புருஷன் சாகாம இருந்தாப் போதும்.”
நான் ஜன்னல் வழியாகக் கை காட்டினேன். கைதி மாதிரி.

ஜூன் 19
குளிக்கவில்லை. யார் பார்க்கப் போகிறார்கள்?

ஜூன் 23
மாத்திரையைத் துப்பிவிட்டேன். ஆமா, துப்பினேன். என்ன இப்போ? எதுக்கு இந்த நெஞ்சைக் காவல் காக்கணும்? கஞ்சி குடிக்கவா? சுவரைப் பார்க்கவா? த்ரேசியாம்மா துணியோடு வந்தாள். குனிந்து துடைத்தாள். திட்டியிருக்கலாம்.

ஜூன் 24
ஆலப்புழை ஆஸ்பத்திரி. டாக்டர் என்னைப் பார்க்கவே இல்லை, படத்தைப் பார்த்தார். “இதயம் அருமையா இருக்கு.”
திரும்பி வரும்போது, படகு நிறைய ஜனம் இருக்க, த்ரேசியாம்மா பொரிந்து தள்ளினாள். “இதயம் இருக்காம்! ஆள் எங்க, இச்சாயா? ஆஸ்பத்திரில விட்டுட்டு வந்துட்டேனா? ஒரு நக்கல் உண்டா, ஒரு சண்டை உண்டா... நான் யாரோட குடும்பம் நடத்துறது, இந்த நெஞ்சாங்கூட்டோடவா?”
என்னோடு படகில் வேலை பார்த்த பழைய சகா ஒருவன் எதற்கோ மணியடித்தான். நான் டிக்கெட்டைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். வழக்கமாக நாலு பதில் கொடுப்பேன்.

ஜூலை 1
அவளே துறைக்குப் போய் மூவரையும் கூட்டி வந்தாள். என் ஜோடி குட்டப்பன், எதிர் ஜோடி ஹம்சாவும் சசியும். சட்டம் போட்டாள்: வீட்டு வராந்தாவில், அவள் கண் முன்னால். அறையக் கூடாது, கத்தக் கூடாது. சீட்டை மெத்தை மேல் வைப்பது போல் வைத்தோம். குட்டப்பன் காதோடு சொன்னான்: “இது சீட்டாட்டமாடா, ஜெபக் கூட்டமா?”
சிரித்தேன். விலா வலித்தது. வேறு வலி.

ஜூலை 6
குட்டப்பன் மருமகள் வீட்டு விருந்துக்குப் போய்விட்டான். நாலாவது ஆள் இல்லை. மூவரும் விழித்துக்கொண்டிருக்க, த்ரேசியாம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எனக்கு எதிரே உட்கார்ந்தாள். “பார்த்துப் பார்த்தே படிச்சிட்டேன். போடுங்க.”
நன்றாகவே ஆடினாள். தோற்றது என்னால். கையில் ஒன்றுமில்லாமல், இருபத்தொரு புள்ளி எடுப்போம் என்று ஏலம் கேட்டேன். தோற்ற ஜோடி காதில் பலா இலைக் குணுக்கு மாட்டிக்கொள்ள வேண்டும், அதுதான் முறை. ஹம்சா தயங்கினான். “கொண்டா இங்க,” என்று அவளே வாங்கி மாட்டிக்கொண்டாள்.
அந்த நேரம் பார்த்து ஜின்ஸியின் வீடியோ அழைப்பு. “அம்மா, காதுல என்ன அது? அப்பச்சனுக்கு பிரஷர் பார்த்தியா?”
“அப்புறம் கூப்பிடுடீ. ஆட்டம் நடக்குது.”
எல்லோரும் போன பிறகும் திட்டு ஓயவில்லை. இலை ஆட ஆடத் திட்டினாள். “யாரு உங்கள இருபத்தொன்னு கேக்கச் சொன்னது? ஜாக்கி இல்லாத கைக்கு இம்புட்டுத் திமிரா?” நானும் விடவில்லை, கத்தினேன். பக்கத்து வீட்டு விளக்குகூட எரிந்தது.
கடைசியில் சொல்கிறாள்: “குட்டப்பன் வந்தா சசிகூட உக்காரட்டும். ஹம்சா சும்மா பார்க்கட்டும். இந்த இடம் எனக்கு.”
இதை நாளைக்கு குட்டப்பனிடம் எப்படிச் சொல்வது? அவனுக்கு நெஞ்சு தாங்குமா?